ஏத்தன் தோட்டத்தில் ஐப்பசிப் புள்ளி

ஐப்பசி அடைமழை பிடித்ததும் களக்காடு, ஏர்வாடி, சேரன்மகாதேவி பக்கத்து வாழைக்காரர்களிடமிருந்து எனக்கு ஒரே கேள்விதான் வரும்: "சார், அடியிலை பூரா காயுது, பொட்டாஷ் போடவா?" சிலர் போட்டுவிட்டுத்தான் கேட்பார்கள். பொட்டாஷ் குறைந்தாலும் அடியிலை காயும், மறுக்கவில்லை. ஆனால் அது ஓரத்திலிருந்து மஞ்சளாகி உள்ளே வரும், தனித்தனிப் புள்ளி இருக்காது. மழைக்காலத்தில் இலை காய்வதற்கு நான் பார்க்கிற காரணம் பெரும்பாலும் சிகடோகா இலைப்புள்ளி நோய். அது பூஞ்சணம்; உரத்துக்கு அடங்காது.

இலையை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். நரம்பு போகிற திசையிலேயே மெல்லிய மஞ்சள் கீறல்கள் தெரிந்தால் அதுதான் ஆரம்பம். பிறகு அவை பழுப்பாகி, நடுவில் சாம்பல் நிறமும் சுற்றிலும் மஞ்சள் வளையமுமாகப் பெருகும். பல புள்ளிகள் ஒன்றுசேர்ந்தால் இலை கருகித் தொங்கிவிடும்.

இந்தப் பூஞ்சணம் விரிந்து சில நாளே ஆன இளம் இலையில், ஈரம் நிற்கிற நேரத்தில், பெரும்பாலும் அடிப்பக்கத்துத் துளைகள் வழியாக உள்ளே இறங்கும். புள்ளி கண்ணுக்குத் தெரிய இரண்டு மூன்று வாரமாவது ஆகும். அதற்குள் மேலே புது இலைகள் வந்து, தொற்றிய இலை மூன்றாவது நான்காவது இலையாகக் கீழே போயிருக்கும். ஆக, இன்றைக்கு நாம் பார்க்கிற புள்ளி போன மாத மழையில் ஏறியது. புள்ளியைப் பார்த்த பிறகு மருந்து வாங்க ஓடுபவர் எப்போதும் ஒரு சுற்று பின்னால்தான் இருப்பார்.

நம் பக்கம் இது ஏன் இவ்வளவு வலிக்கிறது என்றால், மாசி பங்குனியில் நட்ட ஏத்தன் (நேந்திரன் வாழை) சரியாக ஐப்பசி கார்த்திகையில்தான் குலை தள்ளும். குலை தள்ளிய வாழை புது இலை விடாது. அன்றைக்கு மரத்தில் இருக்கிற இலைதான் கடைசிவரை காயைப் பெருக்க வேண்டும். எட்டு நல்ல இலையாவது வேண்டும் என்பது எங்கள் கணக்கு. நாலு இலையோடு நிற்கிற மரத்தில் காய் ஒல்லியாக நிற்கும். போதாக்குறைக்கு முற்றாமலே பழுக்கத் தொடங்கும். சிப்ஸுக்காகக் கேரளா போகிற காய் லாரியிலேயே மஞ்சள் தட்டினால் வியாபாரி என்ன விலை சொல்வார் என்பது உங்களுக்கே தெரியும்.

அதனால் முதல் வேலை அரிவாளுக்கு. தொங்குகிற சருகையும் பாதிக்கு மேல் கருகிய இலையையும் வெட்டி இறக்குங்கள். ஓரத்தில் மட்டும் புள்ளி இருந்தால் அந்தத் துண்டை மட்டும் நறுக்கினால் போதும், பச்சை மிஞ்சட்டும். மரத்தில் தொங்கும் காய்ந்த இலையிலிருந்து பூஞ்சண வித்து காற்றில் பறந்து அடுத்த வயலுக்கும் போகும். வெளியே கொண்டுபோய் எரிக்கவோ புதைக்கவோ முடியாவிட்டால், வரிசைக்கு நடுவே குவித்துப் போட்டாலும் சீக்கிரம் மக்கிவிடும். பக்கக்கன்றைக் கழித்து, தண்ணீர் நிற்காமல் வடிகாலை எடுத்துவிட்டால் தோட்டத்துக்குள் காற்றோட்டம் வந்து ஈரம் சீக்கிரம் காயும்.

மருந்து அப்புறம்தான். லிட்டருக்கு 2 கிராம் மான்கோசெப், அடுத்த முறை லிட்டருக்கு 1 மில்லி புரோபிகோனசோல் என்று மாற்றி மாற்றி அடிக்கலாம். ஒரே மருந்தையே திரும்பத் திரும்ப அடித்தால் பூஞ்சணம் அதற்குப் பழகிவிடும். உலகம் முழுக்க வாழைத் தோட்டங்களில் பெனோமில் என்ற பூஞ்சண மருந்து அப்படித்தான் வேலை செய்யாமல் போனது. வாழை இலையில் மெழுகுப் பூச்சு உண்டு, வெறும் தண்ணீர் உருண்டோடிவிடும். 10 லிட்டருக்கு 5 மில்லி ஒட்டு திரவம் கட்டாயம் சேருங்கள். மழை வெறித்த காலையாகப் பார்த்து, இலையின் அடிப்பக்கம் நனைகிற மாதிரி அடியுங்கள். மேலே மட்டும் அடித்தால் பலன் குறைவு.

கடையில் பூச்சி மருந்து, பூஞ்சண மருந்து, டானிக் மூன்றையும் ஒன்றாகக் கலக்கச் சொல்லிக் கொடுத்தால் வாங்காதீர்கள். இந்த நோய்க்கு அதில் ஒன்றுதான் வேலை செய்யும், மற்ற இரண்டும் கடைக்காரருக்கு.

இலைக்கென்றே வளர்க்கிற தோட்டத்தில் இந்த மருந்துகள் வேண்டவே வேண்டாம். அந்த இலையில்தான் சோறு பரிமாறப் போகிறார்கள். விரிந்த சில நாளிலேயே இலையை அறுத்துவிடுவதால் புள்ளி வருவதற்கு அங்கே அவகாசமும் குறைவு. அறுக்காமல் விட்ட அடியிலைகளைக் கழித்துவிட்டாலே போதும்.

கற்பூரவல்லி போட்டவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. இலைப்புள்ளியை அது ஓரளவு தாங்கும். ஆனால் வாடல் நோய்க்குச் சீக்கிரம் விழும். அடியிலை மஞ்சளாகி, காம்பு ஒடிந்து தண்டை ஒட்டித் தொங்கினால் கிழங்கை வெட்டிப் பாருங்கள். உள்ளே செம்பழுப்புக் கோடுகள் இருந்தால் அது வாடல், இலைக்கு மருந்தடித்துப் பயனில்லை.

சந்தேகமாக இருந்தால் கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரிக்கோ பக்கத்து வேளாண் அலுவலகத்துக்கோ இலையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். முழுக்கக் கருகியது வேண்டாம், கீறல் இருக்கிற பச்சை இலையாக எடுங்கள். பாலித்தீன் பையில் அடைத்தால் வழியிலேயே அழுகிவிடும். பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுபோங்கள்.