பெரியபிள்ளையாகும் வயதுக்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி

ஆண், பெண் என்ற பாலைத் தீர்மானிக்கும் எக்ஸ், வை நிறமூர்த்தங்களில் மாற்றத்துடன் பிறந்த பிள்ளைகளின் கருவளத்தைப் பற்றி, அவர்களுக்குத் திருமணப் பேச்சு எழும்போதுதான் எங்கள் குடும்பங்கள் கேட்கத் தொடங்குகின்றன. திருகோணமலையில் சிறுவர்களைப் பார்க்கும் வைத்தியர் என்ற வகையில், அந்தக் கேள்வி பல ஆண்டுகள் முன்னதாகவே வர வேண்டும் என்று வலியுறுத்த விரும்புகிறேன்.

ஏறத்தாழ 2,000 முதல் 2,500 பெண் பிள்ளைகளில் ஒருவருக்குக் காணப்படும் டேர்னர் நிலையில், இரண்டு எக்ஸ் நிறமூர்த்தங்களுள் ஒன்று முழுமையாகவோ பகுதியாகவோ இருப்பதில்லை. இப்பிள்ளைகளின் சூலகங்களில் தாயின் வயிற்றிலேயே முட்டைகள் உருவாகின்றன. ஆனால் அவை மிக விரைவாக அழிகின்றன. சிலருக்குப் பிறக்கும் முன்பே பெரும்பகுதி போய்விடும். உடலின் ஒரு பகுதிக் கலங்களில் இரண்டு எக்ஸும் இருக்கும் கலப்பு வகையினருக்கோ முட்டைகள் சில காலம் எஞ்சியிருக்கலாம், மாதவிடாய்கூடத் தானாக வரலாம்.

பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டில் உயரக் கோடு, இந்நிலையின் அறிகுறியாக, ஐந்து வயதிலிருந்தே தாழ்ந்து போயிருக்க, பதினைந்து வயதில்தான் பலர் வருகிறார்கள். “நானும் பிந்தித்தான் டொக்டர் பெரியபிள்ளையானனான், அதாலதான் பேசாம இருந்திட்டம்” என்று சொன்ன ஒரு தாய், அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்தபடியே, மகளுக்குச் சாமத்தியம் செய்ய முடியுமா என்றுதான் முதலில் கேட்டார். முடியும்: ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஓமோன் சிகிச்சையைச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டினால் மார்பு வளர்ச்சியும் பின்னர் மாதவிடாயும் வரும். கர்ப்பப்பையே இல்லை என்று பல தாய்மார் அஞ்சுகிறார்கள்; அது தவறு, கர்ப்பப்பை இருக்கிறது. ஆனால் முட்டைகளைச் சேமிக்கும் வாய்ப்பைப் பற்றி அந்த வயதில் பேசும்போது, எஞ்சியுள்ள முட்டைகளைக் காட்டும் ஏஎம்எச் என்ற ஓமோன் இரத்தத்தில் அறவே இல்லாமலிருந்தால், சேமிக்க ஒன்றும் மிஞ்சியிருக்காது.

முட்டைகள் எஞ்சியிருக்கும் பிள்ளை பருவமடைந்திருந்தால், ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஓமோன் ஊசி போட்டு முட்டைகளை எடுத்து உறையவைக்கலாம். பருவமடையாத பிள்ளைக்குச் சூலகத் திசுவைச் சத்திரசிகிச்சை மூலம் எடுத்து உறையவைக்கும் முறை உண்டு. புற்றுநோய்ச் சிகிச்சைக்கு முன் இவ்வாறு திசுவைச் சேமித்துப் பின்னர் குழந்தை பெற்றவர்கள் இருக்கிறார்கள் என்றாலும், டேர்னர் நிலையில் இது இன்னும் ஆய்வு நிலையிலேயே இருக்கிறது. முட்டையே இல்லாத பிள்ளையை, பெற்றோரின் ஆறுதலுக்காக, மயக்க மருந்து கொடுத்துச் சத்திரசிகிச்சைக்கு உட்படுத்துவதை நான் ஏற்கமாட்டேன். கலப்பு வகைப் பிள்ளைக்கோ ஏஎம்எச் அளவைக் காலத்துக்குக் காலம் பார்த்து, அது குறையத் தொடங்கும் முன்பே கருவள நிபுணரிடம் அனுப்ப வேண்டும். நிறமூர்த்தப் பரிசோதனையில் வை நிறமூர்த்தத்தின் துண்டு தென்பட்டால் கதை வேறு. கட்டி உருவாகும் அபாயம் இருப்பதால் சூலகங்களை அகற்றும்படி ஆலோசனை கூறப்படும்.

இதயத்தை மறந்துவிடக் கூடாது. டேர்னர் நிலையில், இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுசெல்லும் பெருநாடி அகன்று கிழியும் அபாயம் கர்ப்பகாலத்தில் கூடுகிறது; சொந்த முட்டையோ தானமாகப் பெற்ற முட்டையோ, கர்ப்பத்துக்கு முன் எக்கோ, எம்ஆர்ஐ ஆகிய இதயப் பரிசோதனைகள் அவசியம். சிலருக்குக் கர்ப்பமே வேண்டாம் என்று சொல்ல நேரிடும்.

500 முதல் 1,000 ஆண் பிள்ளைகளில் ஒருவருக்கு ஒரு எக்ஸ் கூடுதலாக இருக்கும் கிளைன்ஃபெல்டர் நிலையில் அவசரம் இவ்வளவு இல்லை. பெரும்பாலானோரின் விந்துப் பாயத்தில் உயிரணுக்கள் இருப்பதில்லை. ஆயினும் வளர்ந்தபின் நுண்நோக்கியின் உதவியுடன் விதையில் தேடும்போது பத்தில் ஏறத்தாழ நான்கு பேரில் கிடைக்கின்றன. சிறு பையனின் விதையிலிருந்து திசு எடுத்துச் சேமிப்பதை ஆய்வுக்கு வெளியே பரிந்துரைக்க இப்போது போதிய ஆதாரமில்லை.

நிலாவெளியிலோ மூதூரிலோ இருந்து வரும் குடும்பத்துக்குக் கொழும்புப் பயணமே பெரிய சுமை என்பதை அறிவேன். ஆகவே அனுப்பும்போதே நிறமூர்த்த அறிக்கை, ஓமோன் அளவுகள், இதயப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றை ஒரே கோப்பில் சேர்த்துக் கொடுக்குமாறு உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள். கிளைன்ஃபெல்டர் நிலையுள்ள பையனுக்கு டெஸ்டொஸ்டிரோன் என்ற ஆண் ஓமோன் ஊசி எழுதப்படுமானால், அது விந்து உற்பத்தியை அடக்கக்கூடியது என்பதால், விந்து மாதிரி தரும் வயதை அவன் எட்டியிருந்தால், முதல் ஊசிக்கு முன் பரிசோதனை செய்து, உயிரணு இருந்தால் உறையவைக்க முடியுமா என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைப் பையனின் முன்னிலையிலேயே, அவனுக்கு விளங்கும் சொற்களில் கேளுங்கள்.