எட்டு சிலிண்டருக்கு முன்னால் நான்கு பிரேக்கையும் பாருங்கள்

மறுபடியும் அதே கதைதான். இந்த முறை வந்தது 1966 ஃபோர்டு மஸ்டாங் கார். கார்புரேட்டரைக் கொஞ்சம் ட்யூன் செய்துதரச் சொல்லிக் கொண்டுவந்தார்கள். பானெட்டைத் திறப்பதற்கு முன்பே எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. ஒவ்வொரு சக்கரத்திலும் நான்கு நட்டுதான் இருந்தது. அந்த வருஷத்து மஸ்டாங்கில் ஆறு சிலிண்டர் வண்டிக்கு நான்கு நட்டு, வி8, அதாவது எட்டு சிலிண்டர் வண்டிக்கு ஐந்து. பானெட்டைத் தூக்கினால் உள்ளே 302 கன அங்குல வி8, கேம்ஷாஃப்ட் மாற்றி, நான்கு வாய் கார்புரேட்டர் வைத்து உட்கார்ந்திருக்கிறது. வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்தபோது 120 குதிரைத்திறன். இப்போது அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். டிரம் பிரேக், பின் ஆக்சில், ஸ்டீயரிங் இணைப்புகள் எல்லாம் பழைய 120-க்குச் செய்தவை. பின் சீட்டில் குழந்தை இருக்கை ஒன்றும் கட்டியிருந்தது.

ட்யூனிங் செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதற்கு வந்த பதிலுக்காகத்தான் இதை எழுதுகிறேன்: “இந்த பிரேக்தானே சார் இத்தனை வருஷமா வண்டியை நிறுத்திக்கிட்டு இருக்கு?”

இதே வாக்கியத்தை எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டுவிட்டேன்! எனவே இதற்குப் பொறுமையாகவே பதில் சொல்கிறேன்.

அந்த பிரேக் நிறுத்தியது அந்தப் பழைய வண்டியை. நீங்கள் இப்போது ஓட்டுவது வேறு வண்டி. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். அவ்வளவும் சூடாகி டிரம்முக்குள் போய்த் தங்கும். டிரம் சூட்டை எளிதில் வெளியே விடாது. அதனால்தான் தெருமுனை வரை போய் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு “நல்லா பிடிக்குது” என்று சொல்வது எந்தச் சோதனையும் ஆகாது. முதல் அழுத்தலில் எந்த டிரம்மும் பிடிக்கும். வேகமாகப் போய் மூன்றாவது, நான்காவது முறை அழுத்தும்போது கால் அதே இடத்தில்தான் நிற்கும், வண்டி நிற்காது. மலைப்பாதை இறக்கத்தில் அது நடந்தால் என்ன ஆகும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. ஃபோர்டு அதே மஸ்டாங்குக்கு வி8 வைத்தபோது 9 அங்குல டிரம்மை எடுத்துவிட்டு 10 அங்குலம் கொடுத்தது. பைசா பைசாவாகக் கணக்குப் பார்த்து வண்டி செய்கிற கம்பெனி அது. தேவையில்லாமல் அந்தச் செலவைச் செய்திருக்குமா?

இன்னொன்று, இதைவிட மோசமானது. 1967 மாடலுக்கு முந்தைய பெரும்பாலான அமெரிக்கக் கார்களில் மாஸ்டர் சிலிண்டர், அதாவது பெடலை அழுத்தும்போது பிரேக் எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளும் பாகம், ஒற்றை அறை கொண்டது. நான்கு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய், ஒரே வழி. எங்கோ ஒரு மூலையில் துருப்பிடித்த குழாயில் ஊசித் துளை விழுந்தால் பெடல் நேராகத் தரைக்குப் போய்விடும், நான்கு சக்கரத்திலும் பிரேக் இருக்காது. ஒரு வழி போனாலும் மற்றது வேலை செய்யும்படி எண்ணெய் வழியை இரண்டாகப் பிரிப்பது அமெரிக்காவில் 1968 ஜனவரி 1 முதல் கட்டாயமானது. அதற்கு முந்தைய வண்டியா? வாங்கிய உடனே முதல் வேலையாக இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டருக்கு மாற்றுங்கள். மொத்த வேலையிலேயே மிகக் குறைந்த செலவில் உயிரைக் காப்பாற்றும் பாகம் இதுதான். கூடவே குழாய்களையும் புதிதாகப் போடுங்கள். பழைய குழாயில் வெளியே துரு தெரியவில்லை என்பதை நம்பாதீர்கள், அது உள்ளேயிருந்தும் அரிக்கும்.

காசு இல்லை என்று சொல்லாதீர்கள், வழி இருக்கிறது. பழைய மஸ்டாங்குக்கு 1975 முதல் 1980 வரை வந்த ஃபோர்டு கிரனடாவின் முன் டிஸ்க் பிரேக்கை ஸ்பிண்டிலோடு (சக்கரத்தைத் தாங்கும் தண்டு) எடுத்துப் பொருத்துவது ரொம்ப காலமாகச் செய்துவரும் வேலை. பின்பக்கத்துக்கு, 1995 முதல் வந்த ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் 8.8 அங்குல ஆக்சில் டிஸ்க்கோடே கிடைக்கும். அகலத்தைக் குறைத்துத்தான் பொருத்த வேண்டும், அதைத் தெரிந்தவரிடம் கொடுங்கள். இரண்டும் காயலான் கடைச் சரக்குதான். ஆனால் டிஸ்க்கைப் போட்டுவிட்டு டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரையே வைத்துக்கொள்ளாதீர்கள். அதில் குழாய்க்குள் கொஞ்சம் அழுத்தத்தைத் தக்கவைக்கும் வால்வு இருக்கும். டிரம்முக்கு அது வேண்டும். டிஸ்க்கில் அது பிரேக் பேட்களை விடாமல் உரசவைத்துக்கொண்டே இருக்கும். முன்னே டிஸ்க், பின்னே டிரம் என்றால் இரண்டுக்கும் அழுத்தத்தைப் பங்கிடும் வால்வும் வேண்டும். இல்லையென்றால் அவசரத்தில் அழுத்தும்போது பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி சுழன்றுவிடும்.

எஞ்சின் மேல் உள்ள ஆசை எனக்கும் புரிகிறது. அந்தச் சத்தத்துக்காகத்தானே நாம் எல்லோரும் இந்த வேலைக்கே வந்தோம். ஆனால் எஞ்சினை முதலில் வாங்கினால் கையிருப்பு அங்கேயே தீர்ந்துவிடும். அப்புறம் “பிரேக் அடுத்த மாசம்” என்று ஆரம்பிக்கும். அந்த அடுத்த மாதம் வருவதே இல்லை. எஞ்சின் வேலை செய்கிற வண்டியை யாரும் சும்மா நிறுத்திவைப்பதில்லை, “ஒரு சுற்று மட்டும்” என்று கிளம்பிவிடுவார்கள். பிரேக்கை முதலில் முடித்தால், பழைய ஆறு சிலிண்டரோடேயே வண்டியைத் தைரியமாக ஓட்டிக்கொண்டு, காசு சேர்ந்த பிறகு வி8 வாங்கலாம்.

சிக்கன மசில் கார் (சாதாரணக் காரில் பெரிய எஞ்சின் வைத்த வண்டி) என்றாலே பிளிமத் ரோட் ரன்னர்தான். 1968-இல் விலையைக் குறைப்பதற்கென்றே செய்த வண்டி. முன்னே நீளமாக ஒரே பெஞ்ச் சீட், தரையில் கார்ப்பெட்டுக்குப் பதில் ரப்பர் விரிப்பு. அலங்காரத்தில்தான் கைவைத்தார்கள். 383 கன அங்குல எஞ்சினோடு 11 அங்குல கனரக டிரம் பிரேக்கும் உறுதியான சஸ்பென்ஷனும் வண்டியுடனேயே வந்தன. சிக்கனத்தை இப்படித்தான் பிடிக்க வேண்டும்.

“அந்தக் காலத்து கனமான இரும்பு, ஒண்ணும் ஆகாது” என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2009-இல் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் ஒரு 1959 செவர்லே பெல் ஏரையும் 2009 செவர்லே மாலிபுவையும் நேருக்கு நேர் மோதவிட்டது. நொறுங்கி உள்ளே போனது பழைய காரின் ஓட்டுநர் பகுதிதான். 1960-களின் பல கார்களில் ஸ்டீயரிங் தண்டு மடங்காத ஒற்றைக் கம்பி, மோதினால் நேராக நெஞ்சுக்கு வரும். தோள்பட்டை பெல்ட்டும் கிடையாது. மூன்று முனை பெல்ட்டும் மடங்கும் ஸ்டீயரிங் தண்டும் போடுங்கள், பெயின்ட்டுக்கு முன்னால்.

பெட்ரோல் விஷயத்தில் ஒரு புதிய பைத்தியக்காரத்தனம் பரவியிருக்கிறது. 1999 முதல் ஜெனரல் மோட்டார்ஸ் (ஜிஎம்) பிக்கப்களில் வந்த 5.3 லிட்டர் எஞ்சின் மலிவாகக் கிடைக்கிறது, நல்ல எஞ்சின், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது இன்ஜெக்ஷன் எஞ்சின், பெட்ரோல் 58 பிஎஸ்ஐ அழுத்தத்தில் வர வேண்டும். கார்புரேட்டருக்கு 5 முதல் 7 போதும். இவர்கள் பழைய கார்புரேட்டர் ஹோஸையே ஒரு சாதாரண கிளாம்ப் போட்டு இறுக்கிவிடுகிறார்கள். அது கழன்றால் சொட்டாது, சூடான எக்ஸாஸ்ட் மேல் பீய்ச்சி அடிக்கும். இன்ஜெக்ஷனுக்கென்று தரமிட்ட ஹோஸும் அதற்குரிய கிளாம்ப்பும் வாங்க ஆகும் செலவு, ஒரு குரோம் ஏர் கிளீனர் மூடியின் விலைகூட வராது. கார்புரேட்டரோடேயே ஓட்டுகிறவர்களும் பழைய ரப்பர் ஹோஸ்களை மாற்றிவிடுங்கள், இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோல் அவற்றைத் தின்றுவிடும். 1970 வரையிலான மஸ்டாங்கில் பெட்ரோல் டாங்கின் மேல்தகடுதான் டிக்கியின் தரை. டாங்குக்கும் பின் சீட்டுக்கும் நடுவே ஒரு இரும்புத் தடுப்பு வைக்காமல் அந்த வண்டியில் குழந்தைகளை ஏற்றாதீர்கள்.

அந்தக் காலத்து கிரைஸ்லர் வண்டிக்காரர்களுக்கு: டாஷ்போர்டில் உள்ள அம்மீட்டர் (மின்னோட்டம் காட்டும் மீட்டர்) வழியாகத்தான் சார்ஜிங் மின்சாரம் முழுவதும் போகிறது. எலக்ட்ரிக் ஃபேன், பம்ப், ஆம்ப்ளிஃபயர் என்று நீங்கள் சேர்க்கச் சேர்க்க, எஞ்சின் அறைக்கும் டாஷ்போர்டுக்கும் நடுச் சுவரில் உள்ள கனெக்டர் உருக ஆரம்பிக்கும். அந்த கனெக்டரை ஒருமுறை கழற்றிப் பாருங்கள், பழுப்பேறியிருந்தால் உடனே வயரிங்கை மாற்றுங்கள்.

வாங்கும்போதே காசை மிச்சப்படுத்தலாம். பெயர்பெற்ற மாடலையே துரத்தாமல் ஆறு சிலிண்டர் நோவா, டார்ட், மாவெரிக், நான்கு கதவு வண்டிகளைப் பாருங்கள். “இது ஒரிஜினல் வி8” என்று மஸ்டாங்கை விற்க வருகிறார்களா? 1966 வண்டியில் கம்பெனி பதித்த அடையாள எண்ணில் (VIN, நம்பர் பிளேட் எண் இல்லை) ஐந்தாவது எழுத்தைப் பாருங்கள், T என்றிருந்தால் பிறந்தது ஆறு சிலிண்டராக. மஸ்டாங்கில் கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்றுத் திறப்பில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், காலடியில் ஒழுகினால் விலையைப் பற்றிப் பேசவே வேண்டாம். அந்த வண்டிக்குத் தனி சேசிஸ் இல்லை, தரையும் அடிப்பகுதியும்தான் எலும்பு. பட்டி பூசி மறைத்த துரு மேல் வி8 உட்கார்ந்தால் உடம்பே முறுக்கிக்கொள்ளும்.

வீட்டில் வேலை செய்கிறவர்கள் தயவுசெய்து கேளுங்கள். கான்கிரீட் கல் மேல் வண்டியை நிறுத்திவிட்டு அடியில் படுக்காதீர்கள், அது எச்சரிக்கை கொடுக்காமல் உடையும். பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் பட்ட இரும்பில் வெல்டிங் வைக்கவே கூடாது, பாஸ்ஜீன் என்ற விஷவாயு வரும், கொஞ்சமே போதும். காலி டாங்கை வெல்டிங் செய்கிறேன் என்று எவரும் கிளம்ப வேண்டாம், வெடிப்பது பெட்ரோல் இல்லை, ஆவிதான். டயரில் பட்டன் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதோடு, பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் படியுங்கள்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். பத்து வருஷம் தாண்டியிருந்தால் எவ்வளவு பளபளத்தாலும் கழற்றிவிடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பாதியில் காசு தீர்ந்து வண்டியை விற்க நேர்ந்தால் அதில் அவமானம் எதுவும் இல்லை. ஆனால் எந்த எஞ்சின் வைத்தீர்கள், எந்த பிரேக்கை மாற்றவில்லை, எந்தக் குழாய் பழையது என்று ஒரு தாளில் எழுதி வாங்குகிறவர் கையில் கொடுங்கள். விலை கொஞ்சம் குறையும், குறையட்டும்.