பயனர்வெளி: கர்னலுக்கு வெளியே இருக்கும் வெளி

போன பருவத்தில் ஆய்வகத்தில் ஒரு மாணவி கியூஎமுவில் (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டிக் காட்டும் நிரல்) ஒரு மெய்நிகர் கணினியைக் கிளப்பி, உள்ளே டெபியன் லினக்ஸ் நிறுவி, பிரவுசரில் ஒரு தளத்தைத் திறந்து பார்த்தாள். தளம் வந்தது. அதே தளத்துக்குப் பிங் அடித்தாள், அதாவது ‘இருக்கிறாயா’ என்று கேட்கும் சிறு சோதனைச் செய்தியை அனுப்பினாள். பதிலே இல்லை. “சார், சைட் வருது, பிங் மட்டும் போகல. நெட் இருக்கா, இல்லையா?”

நல்ல கேள்வி. அதற்கு விடை ஒரே சொல்லில் இருக்கிறது: யூசர் ஸ்பேஸ். கரும்பலகையில் எழுதிப் போட்டதுமே “தமிழ்ல என்ன சார்?” என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. ஒருவன் ‘பயனர் இடம்’ என்றான். இன்னொருவன் போனில் மொழிபெயர்த்துப் பார்த்து ‘பயனர் இடைவெளி’ என்றான். இரண்டுமே சரியில்லை. ஏன் சரியில்லை என்று அன்று அரைகுறையாகத்தான் சொல்ல முடிந்தது. இங்கே முழுதாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் யூசர். இதற்குப் பயனர் என்ற சொல் நிலைத்துவிட்டது. தமிழ் விக்கிப்பீடியாவில் கணக்கு வைத்திருக்கும் எல்லோருடைய பக்கமும் ‘பயனர்:’ என்றுதான் தொடங்குகிறது. பயனாளி என்று எழுத வேண்டாம். அரசுத் திட்டத்தில் வீடோ ஆடோ பெறுகிறவரைத்தான் செய்தித்தாள்கள் பயனாளி என்கின்றன. பயனாளி பயனைப் பெறுகிறவர், பயனர் பயன்படுத்துகிறவர். அந்த வேறுபாட்டைக் காப்பாற்றிக்கொள்வது நல்லது.

இங்கே ‘யூசர்’ என்பது ஆளையே குறிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கணினியில் இரண்டு வகை நிரல்கள் ஓடுகின்றன. எல்லா வன்பொருளையும் தொடும் உரிமை உள்ள, இயங்குதளத்தின் மையமான கர்னல் ஒன்று. அந்த உரிமை இல்லாமல் கர்னலிடம் கேட்டுக் கேட்டு வேலை செய்யும் மற்ற எல்லா நிரல்களும் இன்னொன்று. 1964இல் ஐபிஎம் சிஸ்டம்/360 வந்தபோதே இந்தப் பிரிவு இருந்தது. அவர்கள் ஒன்றை மேற்பார்வை நிலை என்றார்கள், மற்றதைக் ‘கணக்கு நிலை’ என்று சொல்லலாம்: வந்த கணக்கைத் தீர்க்கும் நிரல் ஓடும் நிலை. இன்றைய இன்டெல் சிப்பில் அது வளையம் 0, வளையம் 3. பிரவுசர், எடிட்டர், ஏன், கியூஎமுவும்கூட வளையம் 3இல் ஓடும் சாதாரண நிரல்தான்.

கர்னல் என்பதற்கு ஆங்கிலத்தில் மூலப்பொருள் விதைக்குள் இருக்கும் பருப்பு. முந்திரிப் பருப்பும் கர்னல்தான். தமிழில் கரு என்று எழுதினால் பொருள் நன்றாகவே பொருந்துகிறது, ஆனால் பேச்சில் எல்லோரும் கர்னல் என்றே சொல்வதால் இந்தக் குறிப்பிலும் அப்படியே விடுகிறேன்.

இனி ஸ்பேஸ். இங்கேதான் விஷயம் இருக்கிறது.

‘இடம்’ ஏன் பொருந்தாது? இந்த ஸ்பேஸ் முதலில் நினைவக முகவரிகளைக் குறித்த சொல். ஒரு நிரல் எந்தெந்த முகவரிகளைத் தொடலாமோ அந்தத் தொகுதி முழுவதும் சேர்ந்து ஒரு ஸ்பேஸ். பழைய 32 பிட் லினக்ஸில் ஒவ்வொரு நிரலுக்கும் 4 ஜிபி முகவரிகள். வழக்கமான ஏற்பாட்டில் அதில் கீழே 3 ஜிபி நிரலுக்கு, மேலே 1 ஜிபி கர்னலுக்கு. கீழே உள்ள அந்த 3 ஜிபிதான் யூசர் ஸ்பேஸ். இது வீட்டில் பீரோ வைக்கும் இடம் போன்ற இடமில்லை. சாத்தியமான எல்லா முகவரிகளும் அடங்கிய ஒரு பரப்பு. இதற்குத் தமிழில் ஏற்கெனவே சொல் இருக்கிறது, பத்தாம் வகுப்பு கணக்குப் புத்தகத்தில் எல்லோரும் படித்ததுதான்: கூறுவெளி. ஒரு பகடையை உருட்டினால் வரக்கூடிய எல்லா விளைவுகளும் சேர்ந்தது கூறுவெளி. அந்த வெளியும் இந்த வெளியும் ஒன்றே. ஆகவே அட்ரஸ் ஸ்பேஸ் என்றால் முகவரிவெளி, யூசர் ஸ்பேஸ் என்றால் பயனர்வெளி. ‘இடைவெளி’ என்பது இரண்டு பொருளுக்கு நடுவே உள்ள தூரம். அது முற்றிலும் வேறு.

சரி, வெளி என்று வைத்துக்கொண்டோம். ஆங்கிலச் சொல்லில் இல்லாத ஒன்று தமிழில் தானாக வந்து சேர்கிறது. விண்வெளி, பெருவெளி, பொதுவெளி என்னும்போது வெளி ஒரு பரப்பு. வெளியே, வெளியூர், வெளிநாடு என்னும்போது அது உள்ளுக்கு எதிர். ‘பயனர்வெளி’யில் இரண்டு பொருளும் ஒரே சமயம் உண்மை. அது பயனர் நிரல்களின் பரப்பு. அதோடு அது கர்னலுக்கு வெளியே. இந்த இரண்டாவது பொருளைப் பிடித்துக்கொண்டால் அந்த மாணவியின் பிங் ஏன் தொலைந்தது என்பது விளங்கிவிடும்.

கியூஎமுவில் நெட்வொர்க் பற்றி நாம் ஒன்றுமே சொல்லாவிட்டால், அல்லது ‘யூசர்’ என்ற வகையைத் தேர்ந்தால், உள்ளே வேலை செய்வது லிப்ஸ்லிர்ப் என்ற நிரலகம். (லைப்ரரிக்கு நூலகம் என்றும் எழுதுகிறார்கள். நூல் இல்லாத இடத்தில் எனக்கு நிரலகமே பிடிக்கிறது.) அந்த ‘யூசர்’ யாரோ ஓர் ஆளின் பெயர் என்று நினைத்து, அங்கே தன் லாகின் பெயரைப் போட்டுப் பார்க்கும் மாணவர்களைக் கண்டிருக்கிறேன். அது பயனர்வெளியின் யூசர்.

லிப்ஸ்லிர்ப்புக்கு மூலமான ஸ்லிர்ப் என்ற நிரல் பிறந்த கதை இந்தச் சொல்லுக்கு நல்ல உதாரணம். 1995இல் டானி காஸ்பரோவ்ஸ்கி எழுதினார். அப்போது பலரிடம் இருந்தது ஷெல் கணக்கு மட்டுமே: மோடத்தில் டயல் செய்து, எங்கோ உள்ள யூனிக்ஸ் கணினியில் எழுத்துத் திரையில் உட்காரலாம், அவ்வளவுதான். இந்தியாவில் அதே 1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான விஎஸ்என்எல் இணைய சேவையைத் தொடங்கியபோதும் இதே இரண்டு வகைதான். எழுத்து மட்டும் தெரியும் ஷெல் கணக்கு மலிவு, படத்தோடு வலைத்தளம் பார்க்க உதவும் டிசிபி/ஐபி கணக்கு பல மடங்கு விலை. மெட்ராஸில் அன்று மாணவர்களாக இருந்தவர்களுக்கு அந்தக் கறுப்புத் திரை நினைவிருக்கும். ஸ்லிர்ப் என்ன செய்தது? அந்த யூனிக்ஸ் கணினியில் ரூட் (நிர்வாகி) உரிமை எதுவும் இல்லாத சாதாரண நிரலாக ஓடி, வீட்டிலிருக்கும் கணினிக்கு முழு இணைய இணைப்பு கிடைத்தது போலவே நடந்துகொண்டது. உள்ளே நுழைய அனுமதி இல்லாதவன் திண்ணையில் உட்கார்ந்தபடியே வேலையை முடித்துக்கொண்ட மாதிரி.

கியூஎமு அந்த நிரலை எடுத்துத் தன் மெய்நிகர் கணினிகளுக்கு வைத்துக்கொண்டது. காரணம் அதேதான். மெய்நிகர் கணினியை நேரடியாக நெட்வொர்க்கில் சேர்க்க டாப் இடைமுகம், பிரிட்ஜ் என்று அமைக்க வேண்டும். அதற்கு நிர்வாகி உரிமை வேண்டும். ஆய்வகத்து மாணவரிடம் அது இருக்காது.

நடப்பதைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். மெய்நிகர் கணினி எழுந்ததும் தனக்கு ஒரு முகவரி கேட்கிறது. கேட்பது கம்பிக்கே போவதில்லை. லிப்ஸ்லிர்ப்பே பதில் சொல்கிறது: உன் முகவரி 10.0.2.15, வாசல் 10.0.2.2, பெயர் தேடும் சர்வர் 10.0.2.3. இந்த மூன்றுமே வேறு எங்கும் இல்லாதவை, அந்த ஒரு நிரலுக்குள் மட்டும் உயிரோடு இருப்பவை. அடுத்து பிரவுசர் ஒரு தளத்தைத் தொடர்புகொள்ள டிசிபி பொதி (பாக்கெட்) ஒன்றை அனுப்புகிறது. அது மெய்நிகர் நெட்வொர்க் அட்டை வழியாகக் கியூஎமுவுக்கு வந்து, அங்கிருந்து லிப்ஸ்லிர்ப்பின் கைக்குப் போகிறது. லிப்ஸ்லிர்ப்புக்குள் பிஎஸ்டி யூனிக்ஸின் டிசிபி/ஐபி நிரலிலிருந்து வந்த ஒரு முழு டிசிபி அடுக்கே இருக்கிறது. அது பொதியைப் பிரிக்கிறது. ‘இந்த முகவரிக்கு, 443ஆம் துறைக்கு (போர்ட்) இணைப்பு வேண்டும்’ என்று படிக்கிறது. பிறகு எந்தச் சாதாரண நிரலும் செய்வதுபோல் கர்னலிடம் ஒரு சாக்கெட் (இணைப்பின் முனை) கேட்டு அந்தத் தளத்தோடு தானே இணைகிறது. அங்கிருந்து வரும் பைட்டுகளை எடுத்து, புதிதாகப் பொதி கட்டி, மெய்நிகர் கணினிக்குள் தள்ளுகிறது.

அதாவது மெய்நிகர் கணினி அனுப்பிய பொதி வெளியே போகவே இல்லை. அது லிப்ஸ்லிர்ப்பில் பிரிக்கப்பட்டுவிட்டது. சரக்கு மட்டும் வேறு வண்டியில் ஏறிப் போயிருக்கிறது. மாணவியை அவளுடைய நிஜக் கணினியில் திறந்திருக்கும் இணைப்புகளைப் பட்டியலிடச் சொன்னேன். 10.0.2.15 என்ற முகவரி அதில் எங்கும் இல்லை. கியூஎமு என்ற நிரல் ஒரு தளத்தோடு பேசிக்கொண்டிருந்தது, அவ்வளவே. அந்தப் பட்டியலைப் பார்த்தபோதுதான் அவள் முகத்தில் தெளிவு வந்தது.

இப்போது பிங். பிங் போவது தளத்தோடு இணைப்பு அமைக்கும் டிசிபி நெறிமுறையில் இல்லை, சோதனைச் செய்திகளுக்கான ஐசிஎம்பி நெறிமுறையில். டிசிபி இணைப்பு யார் கேட்டாலும் கர்னல் தரும். ஐசிஎம்பி பொதியை அனுப்பப் பழங்காலத்திலிருந்து ரூட் உரிமை உள்ள சாக்கெட் வேண்டும். லினக்ஸில் இதற்குச் சலுகை தரும் ஓர் அமைப்பு இருக்கிறது. அது திறந்திருந்தால் லிப்ஸ்லிர்ப் பிங்கையும் அனுப்பிவிடும். எங்கள் ஆய்வகக் கணினிகளில் அது மூடியிருந்தது. 10.0.2.2க்குப் பிங் அடித்தால் உடனே பதில் வந்தது, ஏனென்றால் அது லிப்ஸ்லிர்ப்பே சொல்லும் பதில். அதைத் தாண்டினால் இல்லை. வெளியே நிற்கும் நிரலுக்குக் கர்னல் கொடுப்பது மட்டும்தான் கிடைக்கும்.

2022 டிசம்பரில் வந்த கியூஎமு 7.2இலிருந்து லிப்ஸ்லிர்ப் அதோடு சேர்ந்து வருவதில்லை. தனியாக நிறுவ வேண்டும். மூலநிரலிலிருந்து தாங்களே கட்டுகிறவர்களுக்கு ‘யூசர்’ வகையே காணாமல் போனால் காரணம் இதுதான்.

மேலே ‘பொதி’ என்று எழுதிக்கொண்டே வந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். பாக்கெட் என்ற சொல்லை நெட்வொர்க்குக்குக் கொண்டுவந்தவர் பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தைச் சேர்ந்த டொனால்டு டேவிஸ், 1960களின் நடுவில். அதே யோசனையைத் தனியாக எட்டிய அமெரிக்கரான பால் பாரன் அதைச் செய்தித் துண்டம் என்ற பொருளில் அழைத்தார். டேவிஸ் மற்ற மொழிகளிலும் எளிதாகப் பெயர்க்க வருமா என்று ஒரு மொழியியலாளரிடம் கேட்டுவிட்டுத்தான் பாக்கெட்டைத் தேர்ந்தார். ஒரு சொல்லுக்கு அவ்வளவு அக்கறை எடுத்துக்கொண்ட பொறியாளரை நினைத்தால் எனக்கு மரியாதையாக இருக்கிறது. சிறு மூட்டை என்பதுதான் அதன் அடிப்பொருள். கடிதக் கட்டுகளைச் சுமந்த கப்பல்களும் பாக்கெட் கப்பல்கள் எனப்பட்டன.

தமிழில் மூன்று சொற்கள் போட்டியிடுகின்றன. பொட்டலம் என்றால் காகிதத்தில் மடித்த கடலை கண்முன் வருகிறது. சிப்பம் அரிசிக் கடைக்குச் சொந்தம், 25 கிலோ சிப்பம். பொதியை நான் தேர்வது அதற்கு ஒரு வினைச்சொல் இருப்பதால். பொதிதல் என்றால் உள்ளே வைத்து மூடுதல். பொருள் பொதிந்த பேச்சு என்கிறோம். நெட்வொர்க்கிலும் அதேதான் நடக்கிறது. டிசிபி துண்டம் ஐபி பொதிக்குள், ஐபி பொதி ஈதர்நெட் சட்டகத்துக்குள். ஒன்றை ஒன்று பொதிந்துகொண்டு போகின்றன. பொட்டலத்தையோ சிப்பத்தையோ வைத்துக்கொண்டு இந்த வினையை அமைக்க முடியாது.

பயனர்வெளிக்குத் திரும்புவோம். இதே சொல்லை நேர் எதிரான காரணத்துக்காகப் பயன்படுத்தும் இன்னொரு கூட்டம் இருக்கிறது. அது டிபிடிகே, பொதிகளை வேகமாகக் கையாள உதவும் நிரலகங்களின் தொகுப்பு. இன்டெல் 2010இல் தொடங்கியது, 2013இல் திறந்த மூலச் சமூகமாக விரிந்தது, 2017இல் லினக்ஸ் அறக்கட்டளைக்கு வந்தது. அதன் தந்தை என்று அந்தச் சமூகம் கொண்டாடுவது இன்டெலில் இருந்த வெங்கி வெங்கடேசனை. இவர்களின் குறை, கர்னல் மெதுவாக இருக்கிறது என்பது. 10 ஜிகாபிட் கம்பியில் மிகச் சிறிய, 64 பைட் சட்டகங்கள் முழு வேகத்தில் வந்தால் நொடிக்கு 1 கோடியே 48 லட்சத்துக்கு மேல். ஒன்றுக்குக் கிடைக்கும் நேரம் 67 நானோ நொடி; 3 கிகாஹெர்ட்ஸ் சிப்பில் சுமார் 200 துடிப்புகள். அதற்குள் கர்னலுக்குள் போய்த் திரும்பி வருவது நடக்காது. எனவே டிபிடிகே நெட்வொர்க் அட்டையையே கர்னலின் கையிலிருந்து வாங்கிப் பயனர்வெளிக்குக் கொண்டுவந்துவிடுகிறது. அட்டை கூப்பிடும்வரை காத்திருக்காமல், ஒரு சிபியு கோரை முழுக்க ஒதுக்கி ‘வந்ததா, வந்ததா’ என்று பார்த்துக்கொண்டே இருக்கிறது. மெய்நிகர் கணினிக்குப் பொதி கொடுக்க இரண்டுக்கும் பொதுவான நினைவகம். நகலெடுத்து அனுப்பும் வேலையில் கர்னல் குறுக்கே வருவதில்லை.

ஸ்லிர்ப் வெளியே நின்றது உள்ளே போக அனுமதி இல்லாததால். டிபிடிகே வெளியே வந்தது உள்ளே தாமதம் என்பதால். அட்டையை அப்படிக் கைக்கு எடுக்க அதற்கு நிர்வாகியின் அனுமதியும் தேவை. ஒன்று எளியவனுக்கு, மற்றது பெரிய தரவு மையத்துக்கு. இரண்டையும் ‘பயனர்வெளி நெட்வொர்க்’ என்று எழுதும்போது வாசகர் குழம்புகிறார், ஒன்றின் வேகத்தை மற்றதிடம் எதிர்பார்க்கிறார். சொல்மேல் பிழையில்லை. வெளி என்பது நிற்கும் இடத்தைச் சொல்கிறது, ஏன் நிற்கிறது என்பதைச் சொல்வதில்லை. அதை எழுதுகிறவர்தான் கூடவே சொல்ல வேண்டும்.

எழுதும் முறையில் ஒன்று. ‘பயனர் வெளி’ என்று பிரித்து எழுதாதீர்கள். மாணவி தன் பதிவேட்டில் ‘லிப்ஸ்லிர்ப் பயனர் வெளியில் ஓடுகிறது’ என்று எழுதியிருந்தாள். அடுத்த மேசைக்காரன் அதை வாசித்துவிட்டு, பயனர் எதற்கு வெளியில் ஓடுகிறார் என்று கேட்டான். ‘பயனர்வெளியில்’ என்று சேர்த்து எழுதினாள். அவன் மறுபடி கேட்கவில்லை.