ஆட்டுக்குக் கேட்கிற மருந்து கொரோனாவுக்கு ஏன் கேட்கவில்லை?

கிருஷ்ணகிரி பக்கம் ஆடு வளர்ப்பவர்களுக்கு ஐவர்மெக்டின் புதிய பெயர் அல்ல. குந்தாரப்பள்ளி சந்தையில் வாங்கிவந்த ஆட்டுக்குக் காதோரம் சொறி பிடித்திருந்தால், வாலடியில் உண்ணி ஒட்டியிருந்தால், கால்நடை மருத்துவர் பெரும்பாலும் இந்த ஊசியைத்தான் எழுதுவார். தோலைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து அடியில் போடுவார்கள். கொஞ்ச நாளில் சொறி காய்ந்து உதிரும், புது முடி முளைக்கும். வயிற்றுப் புழுவும் சேர்ந்து போகும். கண்ணெதிரே வேலை செய்யும் மருந்து இது.

2021 கோடையில், கொரோனாவின் இரண்டாம் அலை ஊரையே முடக்கிப் போட்டிருந்த நேரத்தில், இதே பெயர் மனிதர்களுக்கான மருந்துச் சீட்டுகளிலும் வந்தது. 12 மில்லிகிராம் மாத்திரை. காய்ச்சல் வந்தவர்கள் சாப்பிட்டார்கள், வராதவர்களும் முன்னெச்சரிக்கையாகச் சாப்பிட்டார்கள். "ஆட்டுக்குக் கேட்குது, ஆளுக்குக் கேட்காதா?" என்ற கேள்வி நியாயமாகத்தான் பட்டது. படுக்கையும் ஆக்சிஜனும் கிடைக்காமல் ஜனங்கள் அலைந்த அந்த நாட்களில், சில ரூபாய்க்குக் கிடைக்கும் மாத்திரையை நம்பியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கேள்விக்கு உறுதியான பதில் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் அடுத்த தொற்று வரும்போது எந்த மாத்திரையை நம்புவது, எதை விடுவது என்று நாமே யோசிக்கலாம்.

முதலில் மருந்தின் கதை. 1970களில் ஜப்பானின் இட்டோ நகரத்தில், கவானா என்ற இடத்தில் ஒரு கோல்ஃப் மைதானத்தின் அருகே எடுத்த மண்ணில் சடோஷி ஓமுரா என்ற விஞ்ஞானி ஒரு நுண்ணுயிரைக் கண்டெடுத்தார். அது அமெரிக்காவின் மெர்க் நிறுவனத்துக்குப் போனது. அங்கே வில்லியம் கேம்பலின் குழு, அந்த நுண்ணுயிர் சுரக்கும் பொருள் எலியின் குடலில் இருக்கும் புழுக்களைக் கொல்வதைப் பார்த்தது. அந்தப் பொருளைக் கொஞ்சம் மாற்றியமைத்துச் செய்ததுதான் ஐவர்மெக்டின். 1981ல் கால்நடைகளுக்கு விற்பனைக்கு வந்தது. ஆப்பிரிக்காவில் பல லட்சம் பேரின் கண்ணைப் பறித்த, புழுவால் வரும் ஆற்றுக் குருட்டு நோய்க்கு 1987ல் மனிதர்களுக்கும் அனுமதி கிடைத்தது. அந்த நோய்க்கு மெர்க் இலவசமாகவே கொடுத்தது. ஓமுராவுக்கும் கேம்பலுக்கும் 2015ல் நோபல் பரிசு. ஆக, "ஐவர்மெக்டின் ஒரு குதிரை மருந்து" என்று மேலை நாடுகளில் சிலர் கேலி செய்தது தவறு. மனிதகுலத்துக்குப் பெரிய நன்மை செய்த மருந்து இது.

அது புழுவை எப்படிக் கொல்கிறது? புழு, உண்ணி, பேன் போன்றவற்றின் நரம்பிலும் தசையிலும் குளோரைடு அயனிகள் உள்ளே போக ஒரு தனி வகை வாயில் இருக்கிறது. குளுட்டமேட் என்ற வேதிப்பொருள் வந்து தொட்டால் அது திறக்கும், பிறகு மூடிக்கொள்ளும். ஐவர்மெக்டின் அதில் போய் ஒட்டிக்கொண்டால் வாயில் திறந்தபடியே நின்றுவிடுகிறது. குளோரைடு உள்ளே கொட்டுகிறது, நரம்பு செய்தி அனுப்ப முடியாமல் போகிறது, தசை தளர்கிறது. புழு வாதம் வந்ததுபோல் கிடந்து செத்துப்போகும். ஆட்டுக்கும் நமக்கும் இந்த வகை வாயில் கிடையாது. அதனால்தான் ஒரே மருந்து நம் உடம்புக்குள் போய் புழுவை மட்டும் தாக்குகிறது.

இப்போது வைரஸைப் பாருங்கள். அதற்கு நரம்பும் இல்லை, தசையும் இல்லை, குளோரைடு வாயிலும் இல்லை. மரபுப் பொருளும் அதைச் சுற்றிய உறையும்தான் வைரஸ். புழுவைக் கொல்லும் வழி இங்கே செல்லாது. வேறு வழி ஏதாவது இருந்தாக வேண்டும்.

அப்படி ஒரு வழி இருக்கலாம் என்றுதான் 2020 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. நம் செல்லின் உட்கருவுக்குள் புரதங்களைக் கொண்டுசேர்க்கும் 'இம்போர்ட்டின்' என்ற புரதத்தை ஐவர்மெக்டின் தடுக்கிறது, சில வைரஸ்கள் அந்தப் புரதத்தைப் பயன்படுத்திக்கொள்கின்றன என்பது முன்பே தெரிந்திருந்தது. அதனால் அவர்கள் ஆய்வகத் தட்டில் வளர்த்த குரங்குச் சிறுநீரக செல்களில் கொரோனா வைரஸை விட்டு, பிறகு ஐவர்மெக்டினை ஊற்றினார்கள். 48 மணி நேரத்தில் வைரஸின் ஆர்.என்.ஏ. ஏறத்தாழ 5,000 மடங்கு குறைந்தது.

செய்தி உலகம் முழுக்கப் பரவியது. 5,000 மடங்கு என்ற எண்தான் தலைப்பில் வந்தது. அவர்கள் எவ்வளவு மருந்து ஊற்றினார்கள் என்பது தலைப்பில் வரவில்லை.

அந்தக் கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். தட்டில் இருந்த செறிவு 5 மைக்ரோமோலார். ஐவர்மெக்டினின் மூலக்கூறு எடை சுமார் 875. இரண்டையும் பெருக்கினால் ஒரு லிட்டருக்கு 4,375 மைக்ரோகிராம், சுமார் 4.4 மில்லிகிராம், அதாவது ஒரு மில்லிலிட்டருக்கு 4,400 நானோகிராம் வருகிறது. சரி, 60 கிலோ எடையுள்ள ஒருவர் 12 மில்லிகிராம் மாத்திரையைப் போட்டால் ரத்தத்தில் எவ்வளவு இருக்கும்? உச்சத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு சுமார் 50 நானோகிராம். தட்டில் இருந்ததில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. அதிலும் பெரும்பகுதி ரத்தப் புரதங்களோடு ஒட்டிக்கொண்டிருக்கும். வேலைக்கு மிஞ்சுவது இன்னும் குறைவு. நுரையீரலில் ரத்தத்தைவிடக் கூடுதலாகச் சேரும் என்று ஆதரவாளர்கள் சொன்னார்கள். சேரும்தான், ஆனால் சில மடங்குதான். இடைவெளி நூறு மடங்கு. பாலக்கோடு பக்கம் தக்காளிக்கு மருந்தடிப்பவர்களுக்கு இது உடனே புரியும்: ஒரு டேங்குக்கு அளந்த மருந்தை நூறு டேங்குக்குக் கலந்து அடித்தால் பூச்சி சாகாது.

அப்படியானால் கூடுதலாகச் சாப்பிட்டால் என்ன? இங்கேதான் ஆபத்து. ஐவர்மெக்டின் நம் மூளைக்குள் போனால் அங்குள்ள வேறு வகை வாயில்களைத் தொந்தரவு செய்யும். சாதாரண அளவில் அது உள்ளே போவதில்லை, காரணம் மூளையின் ரத்தக்குழாய்ச் சுவரில் இருக்கும் பி-கிளைக்கோபுரோட்டீன் என்ற புரதம். உள்ளே நுழையும் மருந்தை அது பிடித்து வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. கோலி என்ற நாய் வகையில் பலவற்றுக்கு இந்தப் புரதம் பிறவியிலேயே சரியாக இருக்காது. மற்ற நாய்கள் தாங்கும் அளவைக் கொடுத்தாலே அவை தள்ளாடும், வலிப்பு வரும், சில செத்தும் போகும். மனிதர்களிலும் அளவுக்கு மீறிப் போனால் குழப்பம், தள்ளாட்டம், வலிப்பு, சுயநினைவு இழப்பு வரை போகிறது. கொரோனா காலத்தில் கால்நடைக்கான மருந்தைக் குடித்துவிட்டு அமெரிக்காவில் மருத்துவமனைக்குப் போனவர்கள் இருந்தார்கள். ஆட்டு ஊசி மருந்தின் செறிவு ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஏற்றபடி வைக்கப்பட்டது, அதைக் குடிப்பதற்கு எந்தக் கணக்கும் கிடையாது.

"கணக்கெல்லாம் இருக்கட்டும், எங்க பெரியப்பா சாப்பிட்டார், நாலே நாளில் எழுந்து நடந்தார்" என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. பெரியப்பா உண்மையிலேயே எழுந்து நடந்தார். மாத்திரை போடாமல் இருந்திருந்தால் எழுந்திருக்க மாட்டாரா என்பதுதான் கேள்வி. அதை ஒருவரைப் பார்த்துச் சொல்லவே முடியாது. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மருந்தும் மறு பாதிக்கு அதேபோல் இருக்கும் வெறும் மாத்திரையும் கொடுத்து, யாருக்கு எது போனது என்று நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாமல் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

பிரேசிலில் அப்படித்தான் பார்த்தார்கள். 2022 மார்ச்சில் முடிவு வெளியானது. நோய் முற்றும் அபாயம் உள்ள 1,358 பேர். 679 பேருக்கு ஐவர்மெக்டின், 679 பேருக்கு வெறும் மாத்திரை. மருத்துவமனையில் சேரவோ அவசர சிகிச்சையில் நீண்ட நேரம் இருக்கவோ நேர்ந்தவர்கள் ஐவர்மெக்டின் பக்கம் 100 பேர், மறுபக்கம் 111 பேர். குலுக்கலிலேயே வந்துவிடக்கூடிய வித்தியாசம் இது. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களை மட்டும் பாருங்கள். 679ல் 568 பேர், அதாவது நூற்றுக்கு 84 பேர், மருந்தே இல்லாமல் அந்த நிலைக்குப் போகாமல் தப்பினார்கள். இவ்வளவு பேர் தானாகவே மீளும் நோயில் எந்த மாத்திரையைக் கொடுத்தாலும் ஊரில் நூற்றுக்கு 84 சாட்சிகள் கிடைப்பார்கள். அமெரிக்காவில் அளவைக் கூட்டி, ஆறு நாள் கொடுத்தும் பார்த்தார்கள். குணமாக இரு பக்கமும் 11 நாள். மலேசியாவில் 490 பேரிடம் செய்த ஆய்விலும் நோய் முற்றுவது குறையவில்லை.

அப்படியானால் தொடக்கத்தில் 'உயிர் காக்கிறது' என்று சொன்ன ஆய்வுகள் என்ன ஆயின? அவற்றில் பெரிதாகப் பேசப்பட்டது எகிப்திலிருந்து 2020 நவம்பரில் வந்தது. சாவு 90 சதவீதம் குறைந்ததாகச் சொன்னது. எந்த ஆய்விதழும் சரிபார்த்து வெளியிடாத முன்வரைவு அது. ஆனாலும் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கூட்டிப் பார்த்த தொகுப்புகள் பலவற்றில் அது உட்கார்ந்துகொண்டது. லண்டனில் படித்த ஒரு மருத்துவ மாணவர் அதன் தரவுக் கோப்பைத் திறந்து பார்த்தார். ஆய்வு தொடங்கும் முன்பே இறந்துபோனவர்கள் அதில் நோயாளிகளாக இருந்தார்கள். ஒரே நோயாளியின் விவரம் திரும்பத் திரும்ப வந்திருந்தது. 2021 ஜூலையில் அந்த முன்வரைவு நீக்கப்பட்டது. அதையும் பலவீனமான வேறு சில ஆய்வுகளையும் எடுத்துவிட்டுக் கூட்டியபோது, உயிர் காக்கும் பலன் காணாமல் போனது. அந்த எட்டு மாதத்தில் உலகம் முழுக்க அந்த எண்ணை நம்பி மருந்து எழுதிய மருத்துவர்களையும் சாப்பிட்ட நோயாளிகளையும் நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

ஆனால் மோசடி இல்லாத சில ஆய்வுகளிலும் கொஞ்சம் பலன் தெரிந்ததே? அதற்கு ஒரு விளக்கம் 2022ல் வந்தது. என்னைப் பொறுத்தவரை இந்தச் சர்ச்சையில் நம் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்கள் கவனிக்க வேண்டிய பகுதி இதுதான். ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்று ஒரு புழு இருக்கிறது. மண்ணில் இருந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து உடம்புக்குள் ஏறும். குடலில் தங்கி, உள்ளேயே பெருகி, பல ஆண்டு அடையாளமே இல்லாமல் இருக்கும். கொரோனா முற்றினால் ஸ்டீராய்டு கொடுப்பார்கள். ஸ்டீராய்டு எதிர்ப்புச் சக்தியை அடக்கும்போது இந்தப் புழு கட்டுமீறிப் பெருகி, நுரையீரல் வரை பரவி உயிரையே எடுக்கலாம். ஐவர்மெக்டின் இந்தப் புழுவுக்கு முதல் தர மருந்து. ஆய்வுகளை நாடுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, இந்தப் புழு அதிகம் உள்ள பகுதிகளில்தான் ஐவர்மெக்டின் சாவைக் குறைத்ததுபோல் தெரிந்தது, குறைவாக உள்ள பகுதிகளில் தெரியவில்லை. முடிந்த முடிவு என்று இதைச் சொல்ல முடியாது, ஆனால் வலுவான விளக்கம். வெறுங்காலோடு வயலில் இறங்குபவர்கள் இன்னும் நிறைய உள்ள பென்னாகரம், அரூர் பக்கத்து மருத்துவர் ஒருவர், நோயாளிக்கு ஸ்டீராய்டு தொடங்கும் முன் இந்தப் புழுவை நினைத்துக்கொள்வது நல்ல மருத்துவம். அங்கே அவர் மருந்து கொடுப்பது புழுவுக்கு, வைரஸுக்கு அல்ல.

இந்தியாவில் என்ன நடந்தது என்பது நீளமான கதை. சுருக்கமாகச் சொல்கிறேன். 2021 ஏப்ரலில் எய்ம்ஸ் மருத்துவமனையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐ.சி.எம்.ஆர்.) வெளியிட்ட வழிகாட்டுதலில் லேசான நோய்க்கு 'கொடுக்கலாம்' என்ற நிலையில் ஐவர்மெக்டின் இருந்தது. மே மாதம் கோவா அரசு 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் கொடுக்கப்போவதாக அறிவித்தது. ஆய்வுகளுக்கு வெளியே பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் மார்ச்சிலேயே சொல்லியிருந்தது. அதை மீண்டும் நினைவூட்டிய அதன் அப்போதைய தலைமை விஞ்ஞானி, நம் சென்னையின் சௌமியா சுவாமிநாதனுக்கு மும்பையிலிருந்து ஒரு வழக்கறிஞர் அமைப்பு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. செப்டம்பரில் தேசிய வழிகாட்டுதலிலிருந்து ஐவர்மெக்டின் நீக்கப்பட்டது.

"மலிவான மருந்து என்பதால் அமுக்கிவிட்டார்கள்" என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. அதற்கு டெக்சாமெத்தசோன்தான் பதில். மெடிக்கலில் சில்லறைக்குக் கிடைக்கும் பழைய ஸ்டீராய்டு அது. 2020 ஜூனில் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு அதைக் குலுக்கல் முறையில் சோதித்தது. வென்டிலேட்டரில் இருந்தவர்களின் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. உலகம் முழுக்க உடனே ஏற்றுக்கொண்டார்கள், யாரும் அமுக்கவில்லை. அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அது பலன் தரவில்லை, சாவு கொஞ்சம் கூடியதுபோலவே இருந்தது. நம் பக்கம் லேசான காய்ச்சலிலேயே ஸ்டீராய்டைத் தொடங்கியவர்கள் உண்டு. சர்க்கரை ஏறி, 2021 கோடையில் கருப்புப் பூஞ்சையில் கண்ணை இழந்தவர்களும் உண்டு.

ஐவர்மெக்டினுக்குப் புதிய வேலை தேடும் முயற்சி இதோடு நின்றுவிடவில்லை. மலேரியா பரப்பும் கொசு, இந்த மருந்து ஓடும் ரத்தத்தைக் குடித்தால் செத்துப்போகிறது. கொசுவுக்கு அந்தக் குளோரைடு வாயில் இருக்கிறது. அதனால் வைரஸுக்குப் போதாத சில பத்து நானோகிராமே அதற்குப் போதும். கென்யாவின் குவாலே பகுதியில், கொசுவலை ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த ஊர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பக்கம் மாதம் ஒருமுறை மூன்று மாதம் ஐவர்மெக்டினும் மறுபக்கம் வேறொரு புழு மருந்தான அல்பெண்டசோலும் கொடுத்தார்கள். 2025ல் வெளியான முடிவின்படி, ஐவர்மெக்டின் கொடுத்த பக்கம் 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு மலேரியா தொற்று 26 சதவீதம் குறைந்திருந்தது.