எஸ்எம்பிஎஸ் வாங்கும்போது வாட்ஸை விடுங்கள், ஆம்ப்ஸைப் பாருங்கள்

கேம் ஆரம்பித்த பத்தாவது நிமிடம் கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்துவிடுகிறது என்று ஒருவர் சர்வீசுக்குக் கொண்டுவந்தார். ரேம் மாற்றியாயிற்று, விண்டோஸ் இரண்டு முறை போட்டாயிற்று, அடுத்து கிராபிக்ஸ் கார்டையே மாற்றிவிடலாம் என்று இருந்தார்.

கம்ப்யூட்டருக்குள் எல்லா உறுப்புகளுக்கும் மின்சாரம் தரும் பெட்டிதான் எஸ்எம்பிஎஸ். அதன் லேபிளைப் பார்த்தேன். பெரிய எழுத்தில் 500 வாட்ஸ். அதன் கீழே பொடி எழுத்து அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு நேராக 18 ஆம்ப்ஸ். இரண்டையும் பெருக்கினால் 216 வாட்ஸ்தான்! இன்றைக்கு பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் இந்த 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. மீதியை 3.3, 5 வோல்ட் பக்கம் எழுதிக் கணக்கை நேராக்கியிருந்தார்கள். நல்ல 500 வாட்ஸ் சப்ளை என்றால் 12 வோல்ட்டில் மட்டும் 40 ஆம்ப்ஸ் வாக்கில் இருக்கும்.

12 வோல்ட் வரும் மஞ்சள் வயரில் மல்டிமீட்டரை வைத்தேன். சும்மா இருக்கும்போது 11.9. கேம் ஓடியதும் 11.1. இந்த மாதிரி சப்ளைகளுக்கான ஏடிஎக்ஸ் 2.x விதிப்படி (ஏடிஎக்ஸ் என்பது கம்ப்யூட்டர் சப்ளைகளுக்கான பொது விதிமுறை) 5 சதவீதம்தான் ஏறி இறங்கலாம், அதாவது 11.4க்குக் கீழே போகக் கூடாது.

பிறகு அதைத் திறந்தேன். நீங்கள் தயவுசெய்து திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். கரண்ட் உள்ளே வரும் இடத்தில் மின் இரைச்சலை வடிகட்டும் ஃபில்டர் காயில் இருக்க வேண்டிய துளைகளில் வெறும் கம்பித் துண்டை வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். வெளியீட்டுப் பக்கம் 85 டிகிரி சூடு வரைக்கும் என்று குறிக்கப்பட்ட கெப்பாசிட்டர்கள், அதில் இரண்டு தலை உப்பிப்போயிருந்தன. 105 டிகிரி ரகம் போட்டிருந்தால் அதே சூட்டில் பல மடங்கு காலம் தாங்கியிருக்கும். என்னை உண்மையில் கோபப்படுத்தியது காயிலுக்குப் பதில் வைத்த அந்தக் கம்பித் துண்டுதான். போர்டில் அந்த உறுப்புக்கு இடம் விட்டிருக்கிறார்கள், தேவை என்று தெரிந்தே விட்டிருக்கிறார்கள்.

சரி, 80 பிளஸ் முத்திரை இருந்தால் போதுமா? அது முக்கியமாக மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் சொல்லும். 12 வோல்ட்டில் ரிப்பிள், அதாவது வோல்டேஜின் வேகமான சிறு ஏற்ற இறக்கம், 120 மில்லிவோல்ட்டுக்குள் இருக்கிறதா, ஷார்ட் ஆனால் தானே நிற்குமா என்பதெல்லாம் அதில் வராது. ரிப்பிளைப் பார்க்க ஆசிலாஸ்கோப் என்ற அலை காட்டும் கருவி வேண்டும், அதனால் வாங்குமுன் சப்ளையைப் பிரித்து, லோடு கொடுத்துச் சோதித்த விமர்சனம் இருக்கிறதா என்று தேடுங்கள். சப்ளையை மட்டும் ஆன் செய்ய பச்சை வயரையும் கறுப்பு வயரையும் இணைத்து ஃபேன் சுற்றுகிறதா என்று பார்ப்பது சோதனையே இல்லை. அது உயிர் இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும்.

அப்புறம் ஒன்று. மாடுலர் சப்ளையை, அதாவது கேபிள்களைத் தனியாகக் கழற்றி மாட்டும் ரகத்தை, மாற்றும்போது பழைய கேபிள்களையும் சேர்த்துக் கழற்றிவிடுங்கள். சப்ளை பக்கத்துப் பின் வரிசைக்குப் பொது விதி கிடையாது, ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களிலேயே மாறலாம். கனெக்டர் கச்சிதமாக உட்காரும், ஆனால் 5 வோல்ட் போக வேண்டிய ஹார்ட் டிஸ்க் பின்னுக்கு 12 வோல்ட் போய்விடும்.