வயிற்றில் புற்றுநோய் ஆபரேஷன் ஆனவர்களுக்கு ரயில் கட்டணச் சலுகை: யாருக்கு, எவ்வளவு, எப்படி?

குடல், இரைப்பை, கருப்பை, கணையம் என வயிற்றுக்குள் எங்கே புற்றுநோய்க்குப் பெரிய ஆபரேஷன் நடந்தாலும், டிஸ்சார்ஜ் ஆனதோடு ஆஸ்பத்திரி அலைச்சல் முடிவதில்லை. தையல் பார்க்க ஒருமுறை, பயாப்சி முடிவு வாங்க ஒருமுறை, கீமோ தேவைப்பட்டால் பலமுறை, அப்புறம் வருடக்கணக்கில் செக்கப். காப்பீட்டு அட்டையில் ஆபரேஷனை முடித்த குடும்பங்கள்கூட இந்தப் போக்குவரத்துச் செலவில் திணறிப்போகின்றன.

புற்றுநோயாளிகள் சிகிச்சைக்கும் செக்கப்புக்கும் போய்வர ரயில்வே ஒரு கட்டணச் சலுகை வைத்திருக்கிறது. 2020 மார்ச்சில் மூத்த குடிமக்கள் சலுகை நின்றபோது இதுவும் போய்விட்டது என்று பலர் நினைத்துக்கொண்டு கேட்பதே இல்லை. நோயாளிகளுக்கான சலுகைகள் அப்போதும் நிற்கவில்லை.

ஸ்லீப்பரிலும் ஏசி மூன்றடுக்கிலும் நோயாளிக்கு 100 சதவீதச் சலுகை. உடன் வரும் ஒருவருக்கு இந்த இரண்டிலும் 75 சதவீதம். இரண்டாம் வகுப்பு, முதல் வகுப்பு, ஏசி சேர் கார் என்றால் இருவருக்குமே 75. ஏசி இரண்டடுக்கு, ஏசி முதல் வகுப்பு என்றால் இருவருக்கும் 50. சலுகை அடிப்படைக் கட்டணத்தில் மட்டும்தான். முன்பதிவுக் கட்டணம், சூப்பர்ஃபாஸ்ட் கட்டணம் போன்றவை தனி. தட்கலில் சலுகை கிடையாது.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். கோயம்புத்தூரிலிருந்து வேலூர் போகிறவர் பகல் வண்டியில் சேர் காரில் உட்கார்ந்து போனால் கால் பங்கு கட்டணம் கொடுக்க வேண்டும். இரவு வண்டியில் படுத்துக்கொண்டு போனால் அதுவும் இல்லை. வயிற்றில் நீளமாகக் கீறித் தையல் போட்டவருக்கு மணிக்கணக்கில் நிமிர்ந்து உட்காருவதே வேதனை. ஸ்லீப்பரா மூன்றடுக்கா என்றால், அடிப்படைக் கட்டணத்தைப் பொறுத்தவரை நோயாளிக்கு இரண்டும் ஒன்றுதான், துணைக்கு வருபவரின் டிக்கெட்டில்தான் பெரிய வித்தியாசம். கையில் காசு இருந்தால் மூன்றடுக்கே என் தேர்வு.

சலுகைக்கான சான்றிதழைச் சிகிச்சை தரும் புற்றுநோய் மருத்துவமனையில் வாங்க வேண்டும். அதற்கென்று ரயில்வே படிவம் உண்டு. மருத்துவமனைப் பொறுப்பாளரின் கையெழுத்தும் முத்திரையும் அதில் இருக்க வேண்டும். வருமானச் சான்று தேவையில்லை. நோயாளியின் பெயர் ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும். ஊர்ப் பெயரை எழுதும்போது உஷார்: வேலூர் சி.எம்.சி.க்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் இறங்குவது காட்பாடியில். படிவத்தில் ஒரு ஸ்டேஷன், டிக்கெட்டில் வேறு ஸ்டேஷன் என்றால் கவுன்ட்டரில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அடுத்த செக்கப் தேதி கொடுக்கும்போதே அதற்கான படிவத்தையும் கேட்டு வாங்கிவிடுங்கள். இதற்காக மட்டும் இன்னொருமுறை ஆஸ்பத்திரிக்குப் போவது கொடுமை.

டிக்கெட் எடுப்பது முன்பதிவு கவுன்ட்டரில். ஆன்லைனில் இந்தச் சலுகை வராது. நோயாளி போய் வரிசையில் நிற்க வேண்டியதில்லை, வீட்டில் யாராவது போகலாம். படிவத்தின் நகல் ஒன்றைப் பயணத்தின்போது கையில் வைத்திருப்பது நல்லது.

சலுகை இருக்கிறது என்பதால் படுக்கை கிடைத்துவிடாது. 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. மூன்று மாதம் கழித்து வரச் சொன்னால், டிக்கெட் எடுக்கும் நாளையும் காலண்டரில் குறித்துவிடுங்கள். 60 வயதைத் தாண்டிய ஆணுக்கும் 45 வயதைத் தாண்டிய பெண்ணுக்கும் கீழ்ப் படுக்கையில் முன்னுரிமை உண்டு. அதைவிடச் சின்ன வயதென்றால் முன்பதிவுப் படிவத்தில் கீழ்ப் படுக்கை என்று எழுதி, ஆபரேஷன் ஆனவர் என்று கவுன்ட்டரில் வாயைத் திறந்து சொல்லவும் வேண்டும். படுக்கும் நேரம் இரவு 10 முதல் காலை 6 வரை என்றாலும், உடல்நலம் இல்லாதவர் அதற்கு மேலும் படுத்திருக்க மற்றப் பயணிகள் ஒத்துழைக்க வேண்டும் என்று ரயில்வேயே 2017-ல் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. நடு பெர்த்காரர் முகம் சுளித்தால் டிடிஇயிடம் சொல்லலாம்.

பெட்டியைத் தூக்குவது துணைக்கு வருபவரின் வேலை. ஆபரேஷன் முடிந்து ஆறு வாரமாவது கனம் தூக்கக்கூடாது, தூக்கினால் தழும்பில் குடலிறக்கம் வரலாம். மலம் சேர வயிற்றின் மேல் பை ஒட்டியிருப்பவர்கள் மாற்றுப் பையைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளட்டும். சீட்டுக்கு அடியில் போன பெட்டியை நடு இரவில் யார் இழுப்பது?

வெயிட்டிங் லிஸ்ட்டில் மாட்டினால் அவசர ஒதுக்கீடு இருக்கிறது. பிஎன்ஆர் எண்ணும் மருத்துவச் சான்றின் நகலும் வைத்து, சார்ட் தயாராகும் முன்பே ரயில்வே அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.