சிக்னல் ஃபுல்லா இருக்கு, சரி, கவரேஜ் இருக்கா?

கடலூர் சிப்காட் பக்கம் கம்பெனிகளுக்கு கேஸ் சென்சார் போட்டுக் குடுக்குறதுதான் நம்ம வேலை. எங்க போனாலும் ஸ்கிரீனைக் காட்டி "எல்லாம் பச்சை சார், ஒரு பிரச்சனையும் இல்ல"ம்பாங்க. பச்சைன்னா சென்சார் உயிரோட இருக்கு, டேட்டா வருது, அவ்வளவுதான். ரெண்டு சென்சாருக்கு நடுவுல லீக் ஆனா தெரியுமாங்கறது வேற கேள்வி, அதை யாருமே கேக்குறதில்ல. குடிகாடு மாதிரி ஊரெல்லாம் சிப்காட்டை ஒட்டியே இருக்கு, அதான் எழுதுறேன்.

இதுக்கு டோபாலஜில, அதாவது உருவத்துல எது எதோட ஒட்டியிருக்கு, எங்க ஓட்டைன்னு பாக்குற கணிதத்துல, ஒரு அருமையான வழி இருக்குங்க. வின் டி சில்வா, ராபர்ட் கிரிஸ்ட் ரெண்டு பேரும் 2006ல பேப்பரா போட்டாங்க. ஜிபிஎஸ் வேணாம், அளந்து போட்ட பிளானும் வேணாம், எந்த சென்சார் எதோட ரேடியோல பேசுதுங்கற லிஸ்ட்டும், காம்பவுண்ட் ஓரமா வரிசையா நிக்குற சென்சார் எதெதுன்னும் தெரிஞ்சா போதும். ரெண்டு சென்சார் பேசிக்கிட்டா ஒரு கோடு, மூணும் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிட்டா அந்த முக்கோணத்தை நிரப்பிடணும், இதுதான் ரிப்ஸ் காம்ப்ளெக்ஸ். ஓரத்து வளையம் உள்ள முழுக்க முக்கோணமா நிரம்பிடுச்சுன்னா இடம் முழுசும் கவர். நிரம்பாத வளையம் நின்னா அங்க ஓட்டை இருக்கலாம், போய்ப் பாருங்க. கணக்கு வெறும் மேட்ரிக்ஸ்தான், சாதா லேப்டாப்பே போட்டுடும்.

ஒரு நிபந்தனை இருக்கு, இங்கதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. சென்சார் உணர்ற தூரம், ரேடியோ எட்டுற தூரத்தை 1.73ஆல வகுத்தா வர்றதுக்குக் குறையவே கூடாது. ரேடியோ 10 மீட்டர்னா உணர்றது 5.8 மீட்டராவது வேணும், 6ன்னு வச்சுக்குவோம். டேங்கைச் சுத்தி 9 மீட்டர் சதுரத்துல நாலு மூலைக்கும் ஒண்ணு வைங்க. பக்கத்து மூலைங்க பேசிக்கும், எதிர் மூலை 12.7 மீட்டர், பேசாது, முக்கோணமே வராது. நடுப்புள்ளி மூலையிலேர்ந்து 6.4 மீட்டர், அங்க கசிஞ்சா நாலுல ஒண்ணுக்கும் தெரியாது, ஆனா ஸ்கிரீன்ல நாலும் பச்சை! அதையே 8 மீட்டர் சதுரமாக்கினா நடு கவர் ஆயிடும், ஆனா எதிர் மூலை இன்னும் 10 மீட்டரைத் தாண்டுறதால கணக்கு அப்பவும் சந்தேகம்னுதான் சொல்லும். சொல்லட்டுமே, வீணா ஒரு தடவை நடந்து போய் பாக்குறது எவ்வளவோ மேல்.

இப்ப லோராங்கற ரேடியோவை யோசிங்க, கிலோமீட்டர் கணக்குல எட்டும், எல்லாமே எல்லாத்தோடயும் பேசும், அந்த லிஸ்ட்டை வச்சு கவரேஜைப் பத்தி ஒண்ணுமே சொல்ல முடியாது. டெஸ்ட் பண்றப்ப கிட்டத்துல மட்டும் கேக்குற மாதிரி பவரைக் குறைச்சு, யார் யாருக்கு கேக்குதுன்னு எடுக்கணும்.

இதெல்லாம் தரைமட்டக் கணக்கு, உயரம் தனி. குளோரின் காத்தை விட கனம், கீழயே படுக்கும், அமோனியா பொதுவா மேல ஏறும், காத்து திரும்பினா உணர்ற தூரமே மாறும், அதனால அந்த 6 மீட்டரைக் கொஞ்சம் குறைச்சே வைங்க, ரேடியோ தூரத்தையும் அதுக்கேத்த மாதிரி குறைங்க. நம்ம ஊர் உப்புக்காத்துல சென்சார் சீக்கிரம் போகும், ஒண்ணு போனா ஒரு புது வளையம் தொறக்கலாம், அதனால சென்சாரை மாட்டி ஓட விடுற அன்னிக்கு மட்டும் ஒரு தடவை இந்தக் கணக்கைப் போட்டுட்டு விட்டுடாதீங்க, ஷிஃப்டுக்கு ஒரு தடவை தானா ஓடுற மாதிரி வைக்கச் சொல்லி ஆர்டர்லயே எழுதிக் கேளுங்க.